உறைக் கிணற்றுப் பாலாமை

சிமெண்ட்டில் நகம் இழுபடும் 'சர்ரக், சர்ரக்' சத்தம் எண்பதுகளில் ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள்ளிருந்து நாள்தோறும் கேட்டது. அதைக் கேட்டு நாங்கள் சந்தோஷப்பட்டோம் என்பதுதான் கொடுமை.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் எங்கள் ஊர். நாங்கள் சமணர்கள்; ஊரில் எங்களை 'நைனார்' என்பார்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டோம், தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம், அந்தத் துணியில் ஒட்டிய சிற்றுயிர்களையும் அலசித் திரும்பக் கிணற்றிலேயே விட்டுவிடுவோம்.

அந்த வருஷக் கோடையில் ஏரி வற்றிப்போனது. நீர் வற்றினால் பாலாமை சேற்றுக்குள் புதைந்துகொண்டு, மழை வரும்வரை தின்னாமல் குடிக்காமல் தூங்கும். எங்கள் நிலத்தில் வேலை செய்த ஏழுமலை, கம்பியால் குத்திப் பார்த்து அப்படி ஒன்றைத் தோண்டி எடுத்து வந்தார். தொட்டதும் அது தலையையும் கால்களையும் உள்ளே இழுத்து, வயிற்றோரத்து மடல்களைக் கதவு சாத்துவதுபோல் மூடிக்கொண்டது. குழம்புக்குப் போகிறதென்று தெரிந்ததும் அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மரக்கால் 'மல்லாட்டை'யை, அதாவது வேர்க்கடலையை, கொடுத்துவிட்டு ஆமைக்காகக் கையை நீட்டினார்.

"புள்ளைங்க கறி கறின்னு கேட்டுக்கினு இருக்குதுங்க, நைனாரே" என்று இழுத்த ஏழுமலை, மறுத்துப் பேச முடியாமல் ஆமையைக் கொடுத்துவிட்டுப் போனார். "கெணத்துல வுட்டா அதுவும் பொழைக்கும், தண்ணியும் சுத்தமா இருக்கும்" என்றார் அப்பா. ஓர் உயிரைக் காப்பாற்றிய பெருமையில் எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

முதல் மழை விழுந்ததும் சத்தம் ஆரம்பித்தது. பகலெல்லாம் ஆமை, கிணற்றின் சிமெண்ட் வளைய உறையில் முன்னங்கால்களை ஊன்றி எக்கும், சறுக்கி விழும், மறுபடியும் எக்கும். "வெளையாடுதுடி" என்பாள் அம்மா. நான் கைதட்டிச் சோற்றுப் பருக்கை போடுவேன். கிணறு இன்னும் ஊறாததால் வாளி அடியைத் தொட்டுத்தான் வரும்; ஒருநாள் காலை, வடிகட்டும் துணியில் சிறிய எலுமிச்சையளவில் வெள்ளையாக ஒரு முட்டை தங்கியது. அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ பாவமே, முட்ட வுட மண்ணு தேடிக்கினு இல்ல ஏறியிருக்குது!"

தண்ணீரிலேயே வாழ்ந்தாலும், முட்டையிட அது கரையேறி மண்ணைத் தோண்டியாக வேண்டும். நீரில் விழுந்த முட்டை பொரிக்காது. அப்பா கயிற்றில் கூடையைக் கட்டி இறக்கினார். எங்கள் நிழல் விழுந்ததுமே அது சேற்றுக்குள் போய்விட்டது. ஆளை இறக்கலாம் என்பதற்குள் மழை வலுத்துக் கிணறு ஊறிவிட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

அடுத்த கோடையில் தூர்வார இறங்கிய ஏழுமலை, ஆமையின் வெறும் ஓட்டைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தார். கோபமில்லாமல்தான் சொன்னார்: "எங்க ஊட்ல ஒரு வேள சோத்துக்காவது ஆயிருக்கும், நைனாரே."

அன்று பொழுது சாயும்முன் அம்மா கூப்பிட்டும் அப்பா சாப்பிட வரவில்லை. கைதட்டிய என் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இன்று அப்பா இல்லை. ஏரியில் பாதி, வீட்டு மனைகளாகிவிட்டது. வீட்டில் 'போர்' தண்ணீர். வடிகட்டும் துணியும் போன இடம் தெரியவில்லை. வறண்ட கிணற்றைக் கற்பலகை போட்டு மூடுவதற்குமுன் ஒருதரம் எட்டிப் பார்த்தேன். அடி உறையைச் சுற்றிலும், ஓர் இடம் விடாமல், நகக் கீறல்கள். அதற்கு மேலே சிமெண்ட் வழவழப்பாகவே இருந்தது.