மூட்டம் போட்ட முலாம்பழம்

பழத்தை அறுத்த அன்று கொடியைச் சுற்றி நின்றவர்கள் ஐந்து பேர்: அப்பா, அம்மா, கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர், மேஸ்திரி, நான். அண்ணன் காப்பி மூட்டை வண்டியோடு சேலத்துக்கு இறங்கிப் போயிருந்தார். இருந்திருந்தால் ஆறாவது முட்டாளாக நின்றிருப்பார், அவ்வளவுதான். அண்ணியும் அங்கே இல்லை. அதுதான் விஷயம். எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் முலாம்பழத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் கூலிக்காரர்களின் லைன் வீடுகளுக்கு அப்பால், தூரமான பெண்கள் மூன்று நாள் ஒதுங்கியிருக்கும் குடிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில் ஒரு பெண்ணின் நிழல் பட்டால் காய்கறிக் கொடி கருகிப்போகும் என்பது எங்கள் ஆட்களின் விவசாய ஞானம். காப்பிச் செடிக்கு மட்டும் அந்தக் கருக்கம் கிடையாது. பழம் பறிக்கிற காலத்தில் எந்தப் பெண்ணையும் மேஸ்திரி ஒரு நாள்கூடக் குடிசையில் உட்காரவிட்டதில்லை.

எங்கள் எஸ்டேட் நாகலூருக்குக் கீழே இருந்தது. அப்பா துரை பங்களாவின் பூந்தோட்டத்தில் தண்ணீர் ஊற்றும் ஆள். துரைசானிக்கு முலாம்பழத்தின் மேல் ஒரு பித்து. பங்களா வாசலில் கண்ணாடிப் பெட்டி எல்லாம் வைத்து இரண்டு வருடம் முயன்றார். மூடுபனியில் பிஞ்செல்லாம் அழுகிப் போயின. மண் சரியில்லை என்று மண்ணைத் திட்டினார். பிறகு யாரோ சொல்லி எங்கள் வீட்டுப் பின்புறத்தை வந்து பார்த்தார். வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. பின்சுவரை ஒட்டிக் காப்பி உலர்த்தும் கல் களம். அறுவடை முடிந்தால் களம் சும்மா கிடக்கும், கல் மட்டும் பொழுது சாயும்வரை வெயிலைப் பிடித்து வைத்திருக்கும். துரைசானி ஒரு விதைப் பொட்டலத்தை அப்பா கையில் கொடுத்தார். மே மாதம் சென்னையிலிருந்து அவருடைய தங்கை குடும்பம் வருகிறது. வந்த முதல் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு இந்த மலையில் விளைந்த முலாம்பழம் மேசையில் இருக்க வேண்டும். இருந்தால், காலியாகக் கிடந்த தலைமைத் தோட்டக்காரர் வேலை அப்பாவுக்கு. வேலையோடு ஓடு போட்ட வீடும் வரும்.

அந்த ஓட்டு வீடு எங்களுக்கு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்களுடையது புல் கூரை. ஆடி மாதக் காற்றில் பாதி பறக்கும், மீதி ஒழுகும். அம்மாவுக்கு இளைப்பு. மழைக்காலம் முழுவதும் ஈரத் தரையில் சுவரோடு சாய்ந்து, மூச்சை இழுத்து இழுத்து விடுவாள். ஒவ்வொரு வருடமும் இந்த மழையைத் தாண்டுவாளா என்று நாங்கள் பயப்படுவோம்.

களத்தின் ஓரமாக மூன்று குழி. சாணியும் மக்கிய காப்பித் தோலும் போட்டு மூடி விதை ஊன்றினோம். கொடி கிளம்பியதும் பூவெல்லாம் உதிர்ந்தது. அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். அண்ணிதான், "மொதல் பூவு அப்புடித்தானுங்க மாமா உதுரும். அடியில குண்டாட்டம் பிஞ்சு வச்ச பூவு பின்னால வரும், பாருங்க" என்றார். வந்தது. அண்ணி பிறந்தது காவிரிக் கரையில். கோடையில் ஆற்று மணலில் குழி தோண்டி முலாமும் வெள்ளரியும் போடுகிற குடும்பம். பிஞ்சுக்குக் கீழே தட்டைக் கல் வைத்து, கல்லின் மேல் காய்ந்த புல்லை வைத்தது அவர்தான். நாலு பிஞ்சு பிடித்தது. ஒன்று அழுகியது, ஒன்றை அணில் தின்றது. தேங்காய் அளவில் ஒன்றும், இலைக்கடியில் எலுமிச்சை போல் ஒன்றும் மிஞ்சின.

இதில் என் பங்கு பெரியது. எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். விதைப் பொட்டலத்தில் இங்கிலீஷில் அச்சடித்திருந்ததைப் படித்து, விதைத்த எண்பத்தைந்தாம் நாள் பழுக்கும் என்று அறிவித்தேன். சமையல் சுவரில் நாளுக்கு ஒரு கரிக்கோடு போட்டேன். அந்தத் தாளை எழுதியவன் எங்கள் மலையின் குளிரைக் கண்டவனா என்று நினைக்க எனக்குப் படிப்பு போதவில்லை.

பழுத்ததை எப்படித் தெரிந்துகொள்வது என்று ஒரு மாலை பேச்சு வந்தது. கேட்காமலே அண்ணி சொன்னார்: "நாளு கணக்கெல்லாம் வேண்டாமுங்க தம்பி. காம்பு மொளைக்கிற எடத்துல சுத்தி ஒரு கீறல் உளும். ஊடு பூரா மணக்கும். கையில ஏந்துனா அதுவே கழண்டு வந்துரும்."

மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டே சிரித்தார். "ஏனுங்க அம்மிணி, அப்பறம் அதுவே காலு மொளச்சு பங்களாவுக்கு நடந்து போயிருமுங்களா?"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அண்ணி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என் எண்பத்தைந்தாவது கோடு ஒரு வியாழக்கிழமை விழுந்தது. விருந்து அந்த வார ஞாயிறு. ரைட்டரும் மேஸ்திரியும் வந்தார்கள். இந்த எஸ்டேட்டில் இவர்கள் பார்க்காமல் எதுவும் பழுக்கக் கூடாது.

ரைட்டர் குந்தி உட்கார்ந்து, பலாப்பழத்தைத் தட்டுவது போல முலாம்பழத்தை விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். "டொப்புனு சொல்லுது. பழுத்துப்போச்சு."

மேஸ்திரியும் தட்டினார். "டக்குனுதானுங்களே கேக்குது."

"உம்ம காதுல காப்பிக் கொட்டை இருக்கும்."

"இல்லீங்க. பழம்னா செவக்கணுமுங்களே? பச்சையாவே கெடக்குது." முப்பது வருடமாகக் காப்பிப் பழத்தின் சிவப்பை மட்டும் பார்த்த கண் அது. உலகத்தில் பழுப்பதெல்லாம் சிவக்கும் என்று நம்பிவிட்டது.

"நாள் முடிந்துவிட்டது" என்றேன் நான். அப்படியே, புத்தகத் தமிழில்.

அம்மாதான் மெதுவாகக் கேட்டாள்: "எதுக்கும் மருமவள ஒரு வார்த்த கேட்டுப்போடலாமுங்களா?"

அப்பா சீறினார். "தூரமானவகிட்டப் போயி கேட்டுப்போட்டு, அந்தக் காலோட வந்து கொடிய மிதிக்கறதா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

குடிசை நாற்பது காலடி தூரம்தான். அது அபத்தம் என்று எனக்குத் தெரியும், நான் படித்தவன். சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணி "இன்னும் ஆவலீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என் கணக்கு என்னாவது? வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அப்பா கவாத்துக் கத்தியால் காம்பை அறுத்தார். லேசில் விடவில்லை. அறுத்த இடத்தில் தண்ணீர் துளிர்த்தது. முகர்ந்து பார்த்தோம், பூசணிக்காய் வாசம்கூட இல்லை. ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"அதனால என்னங்க?" என்றார் மேஸ்திரி. "வாழத்தாரு மரத்துலயா பழுக்குது? மூட்டம் போட்டாப் போச்சு."

இதில் மட்டும் ரைட்டரும் மேஸ்திரியும் ஒரே கட்சி. மலை வாழைக்குச் செய்வது போலவே செய்தார்கள். வாழைச் சருகு பரப்பிய பானைக்குள் முலாம்பழத்தை வைத்து, வாயை மண் பூசி மூடி, ஒரு துளை விட்டு, வறட்டிப் புகையை உள்ளே ஊதினார்கள். ஊதிய பெருமை மேஸ்திரிக்கு. காலையும் மாலையும் வந்து கன்னம் உப்ப ஊதினார். அம்மா அந்தப் புகைக்கே இருமினாள்.

ஞாயிறு காலை அண்ணி தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத் தலையோடு வந்தார். அப்பா பானையை உடைத்துக்கொண்டிருந்தார். பழம் ஒரு பக்கம் மஞ்சள் தட்டி, மெத்தென்று இருந்தது. மேஸ்திரி, "பாத்தீங்களா!" என்றார்.

அண்ணி அதைக் கையில் வாங்கி, காம்பு இருந்த இடத்தைப் பார்த்தார். "இதென்னங்க மாமா, வாழத்தாரா? முலாம்பழம் அறுத்தன்னிக்கு என்ன இனிப்போ அதோட சரிங்க. பொகையில வச்சாப் பொகை வாசந்தான் ஏறும்."

"மொளகு அரைக்கற வேலையப் பாரு" என்றார் அப்பா. பழத்தைக் கழுவி, புதுத் துண்டில் சுற்றி, பங்களாவுக்கு எடுத்துப் போனார்.

மற்றது பங்களா பட்லர் சொல்லித் தெரியும். வெட்டினால் உள்ளே வெள்ளை. விதை அப்பிக்கொண்டு பிரியவில்லை. துரைசானியின் தங்கை ஒரு துண்டைக் கடித்துவிட்டு, இது எந்த ஊர் வெள்ளரிக்காய், இதை ஏன் அடுப்பில் தொங்கவிட்டீர்கள் என்று கேட்டாராம். துரை உப்பும் மிளகும் தூவிக்கொண்டாராம். துரைசானி அப்பாவைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. கூப்பிடவே இல்லை. தலைமைத் தோட்டக்காரர் வேலைக்கு வாழவந்தியிலிருந்து ஓர் ஆள் வந்து, ஓட்டு வீட்டில் பால் காய்ச்சினார்.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் காரணம் தெரிந்துவிட்டது. புகை பத்தவில்லை என்றார் ரைட்டர். பானை பழசு என்றார் மேஸ்திரி. அப்பாவோ சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவ ஒதுங்கப் போறப்ப களத்து வழியாத்தான் போயிருப்பா. நெழலு உழுந்துருக்கும்" என்றார்.

அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன். "நிழலும் இல்லை, ஒன்றும் இல்லைங்கப்பா. என் கணக்குத்தான் தப்பு" என்றேன். "நாலு எழுத்துப் படிச்ச திமிரு பேசுது" என்றார். நான் தப்பை ஒப்புக்கொண்டதும் திமிர்தான். கணக்குச் சொன்னபோது அது அறிவாக இருந்தது. அண்ணி என் தட்டில் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினார்.

பதினைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் வீடு முழுக்க ஒரு வாசனை. அம்மாதான் முதலில் மூக்கை உறிஞ்சினாள். அண்ணி பின்புறம் போய் இலையை விலக்கி, எலுமிச்சை அளவில் விட்டிருந்த பிஞ்சைக் கையில் ஏந்தினார். இரண்டு கைப்பிடி அளவுக்கு வளர்ந்திருந்தது. இழுக்கவில்லை, திருகவில்லை, கழன்று உள்ளங்கையில் உட்கார்ந்தது. அரிந்ததும் சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. இவ்வளவு இனிப்பை நான் அதற்கு முன் தின்றதில்லை. அப்பா வேண்டாம் என்று எழுந்து போனார். மேஸ்திரி இரண்டு துண்டு தின்றுவிட்டு, "அப்பவே இதத்தானுங்க நானும் சொன்னேன்" என்றார்.

ஆடி பிறந்த ஐந்தாம் நாள் கூரையின் மேல்பக்கம் முழுதும் போனது. அம்மா நனைந்தாள், இளைப்பு கண்டது, மூன்று நாள் படுக்கவே முடியவில்லை. மாரமங்கலத்திலிருந்து கூரைப்புல் வாங்கியது நாலு ரூபாய்; மூங்கிலும் கயிறும் ஒன்றரை ரூபாய்; வேய்ந்தவர் கூலி ஒரு ரூபாய் பதினாலணா; அம்மாவைச் சேலத்துக்கு வண்டியில் இறக்கியதும் மருந்தும் நாலு ரூபாய். ஆக மொத்தம் பதினோரு ரூபாய் ஆறணா.