வாயை மூடிக்கொண்ட கணினி

பழைய கணினி ஒன்றின் விசிறிச் சத்தம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கொடைக்கானலில் நான் எழுத்தராக வேலை பார்த்த விடுதிப் பள்ளியின் அலுவலகத்தில், ஜன்னலோரமாக அது இருந்தது. கம்பைல் செய்வது, அதாவது யாரோ எழுதி வைத்த மூல நிரலைக் கணினியில் ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றுவது, அந்த வேலையை நான் தொடங்கியதும் விசிறி தண்ணீர் ஏற்றும் மோட்டார் மாதிரி இரைய ஆரம்பிக்கும். திரையில் வரிகள் ஓடுவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் ஆபரேட்டர், பெட்டியின் பின்பக்கம் வரும் வெதுவெதுப்பான காற்றில் கைகளைக் காட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருப்பார். இரைச்சல் அடங்கியதும், "அக்கா, நின்னுருச்சு. முடிஞ்சிச்சா, செத்துச்சா?" என்பார். பெரும்பாலும் செத்துத்தான் போயிருக்கும்.

பள்ளி முழுக்க அவரை ஆபரேட்டர் என்றுதான் கூப்பிட்டோம். தாண்டிக்குடிக்காரர். என்னைவிட நான்கு வயது இளையவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. பதினாறு வருடங்களாகப் பள்ளியின் தொலைபேசி இணைப்புகள் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போயின. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யாரிடம் எந்தத் தகவலைச் சொன்னாலும், "சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க" என்பார். வார்டன் ஆனாலும் சரி, பிஷப் வீட்டு ஆள் ஆனாலும் சரி, திருப்பிச் சொல்லாமல் போனை வைக்க முடியாது. பாதிப் பேருக்கு இதில் எரிச்சல். எனக்கும்தான். ஆனால் அவர் சொல்லி அனுப்பிய சேதி ஒன்றுகூடத் தவறிப் போனதாக நினைவில்லை.

எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகு அவர் தொலைபேசி இணைப்புகளை மாற்றிக் கொடுத்த பெட்டிக்கு வேலை குறைந்தது. அதை எடுத்துவிட்டு, கணினியில் மாணவர் பதிவேட்டைப் பார்த்துப் பெற்றோருக்குப் பதில் சொல்லும் இருக்கை ஒன்றை வைப்பதென்று மேலாளர் முடிவு செய்தார். அவர் கெட்டவர் இல்லை, சிக்கலே அதுதான். எங்களையெல்லாம் திட்டித் தீர்ப்பவர், ஆபரேட்டரிடம் மட்டும் குரலை உயர்த்தியதே இல்லை. "ஆபரேட்டர் அவர் பாட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கட்டும். சம்பளம் வந்துரும். பாவம்" என்றார். அன்றைக்கு ஆபரேட்டர் மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. "சும்மா கெடக்கச் சொல்றாங்கக்கா. சோலி இல்லாம சோறு எறங்குமா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தால் முன்பின் யோசிக்கத் தெரியாது. நேரே மேலாளர் அறைக்குப் போய், புது இருக்கையிலும் அவரே உட்காருவார், நான் ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். "கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு ஸ்கூல் திறக்கிற அன்னைக்குப் பார்ப்போம்" என்றார் அவர். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் இலவச மென்பொருள் ஒன்று அந்தக் கணினியிலேயே இருந்தது. ஆங்கிலத்தைப் படபடவென்று வாசிக்கும். தமிழ் வந்தால் வாயை மூடிக்கொள்ளும். எங்கள் பதிவேட்டில் வார்டன்கள் எழுதும் குறிப்புகள் எல்லாம் தமிழில்தான்: காய்ச்சல், ஊருக்குப் போயிருக்கிறான், செருப்பு வேண்டும். இணையத்தில் கேட்டபோது, புதிய மூல நிரலில் அந்தக் குறை சரியாகிவிட்டது, இறக்கி நீங்களே கம்பைல் செய்துகொள்ளுங்கள் என்று எங்கோ இருக்கும் ஒரு புண்ணியவான் பதில் எழுதினார். ஏதோ மாவு கரைத்துத் தோசை ஊற்றச் சொன்னதுபோல.

எனக்குத் தெரிந்ததெல்லாம் தட்டச்சும் கணக்குத் தாளும். கட்டளையைத் தட்டினால், இன்ன துணை நிரல் இல்லை என்று நின்றது. அதைத் தேடிப் போட்டால், அதற்கு வேறு இரண்டு வேண்டுமாம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். வரும் பிழைச் செய்திகளை நான் எழுத்தெழுத்தாக வாசிப்பேன், ஆபரேட்டர் மனதில் பதித்துக்கொள்வார். "முந்தாநாளும் இதே பேருதான் வந்துச்சுக்கா, கடைசில மட்டும் வேற நம்பர்" என்பார். அவர் அப்படி ஞாபகம் வைத்துச் சொன்னதால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவது நின்றது. விடுமுறையின் நாலாம் நாள், பிழை இல்லாமல் கம்பைல் முடிந்தது. நான் எழுந்து நின்று கைதட்டினேன். மென்பொருளைத் திறந்தோம். தமிழ் வந்த இடத்தில் அதே மௌனம்.

அதன்பின் பத்து நாட்கள் நான் பட்ட பாடு எதிரிக்குக்கூட வரக்கூடாது. மூல நிரலுக்குள்ளேயே இறங்கினேன். ஒரு வரியை மாற்றுவேன், கம்பைல் செய்வேன், திறப்பேன், மௌனம். இன்னொரு வரி, மறுபடி மௌனம். புண்ணியவானுக்கு எழுதினால், எனக்கு நன்றாகத்தானே ஓடுகிறது என்றார். நான் திருப்பி எழுதிய கடிதத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கடைசியில் ஒரு காலை, "என்னால ஆகலை, தம்பி. மேலாளர்கிட்ட நானே சொல்லிடுறேன்" என்று விசைப்பலகையைத் தள்ளி வைத்தேன்.

அவர் தடவிப் பார்த்து விசைப்பலகையை என் பக்கமே நகர்த்தினார். பிறகு, "அக்கா, நீங்க மாத்துனது அதுகிட்டப் போய்ச் சேந்துச்சா?" என்றார்.

"சேராம? கம்பைல் ஆச்சுல்ல?"

"அது நீங்க சொன்னது. அதத் திருப்பிச் சொல்லச் சொன்னீங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். திறந்தவுடன் அந்த மென்பொருள் ஆங்கிலத்தில் ஒரு வரவேற்பு சொல்லும். அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தாண்டிக்குடி என்று தமிழில் போடச் சொன்னார். தமிழ் வராமல் போனாலும் போகட்டும், பழைய ஆங்கில வரவேற்பாவது கேட்காமல் போக வேண்டும் அல்லவா? போட்டேன். கம்பைல் செய்தேன். திறந்தேன். அதே ஆங்கில வரவேற்பு, ஒரு சொல் மாறாமல்.

அப்போதுதான் விளங்கியது. நான் கம்பைல் செய்ததெல்லாம் ஒரு மூலையில் புதிய கோப்பாகப் போய் உட்கார்ந்திருந்தது. நானோ ஒவ்வொரு முறையும் பட்டியலில் இருந்த பழைய மென்பொருளையே திறந்து, திருந்தவில்லையே என்று அழுதுகொண்டிருந்தேன். சமைத்தது ஒரு பானையில், ருசி பார்த்தது இன்னொரு பானையில். புதிய கோப்பைத் தேடிப் பிடித்துத் திறந்தேன். "தாண்டிக்குடி" என்றது கணினி, மூக்கடைத்த குரலில். ஆபரேட்டர் கைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னொருக்கா" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாலாம் நாள் கம்பைல் ஆனதே சரியாக இருந்திருக்கிறது. அப்புறம் நான் திருத்தியதெல்லாம் வெட்டி வேலை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, புண்ணியவானுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன்.

இப்போது நான் ஓய்வு பெற்று அட்டுவம்பட்டியில் இருக்கிறேன். ஆபரேட்டர் அதே பள்ளியில், அதே வேலையில். புதிய பதிப்பு வந்தால் அவரே இறக்கிக் கம்பைல் செய்துகொள்கிறார். குறை தெரிந்தால் புண்ணியவானுக்கு எழுதுகிறார், என்னைப் போலக் கோபப்படாமல். என் மடிக்கணினி மக்கர் செய்தால் நான் அவரைத்தான் கூப்பிடுகிறேன். அவரை நினைக்கும்போதெல்லாம் மனதில் வந்து நிற்பது, பள்ளி திறந்த அந்த முதல் வாரம்.

திங்கட்கிழமை முழுக்க அவர் ஒரு காதில் போனும் மறு காதில் கணினியுமாக உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார். மேலாளர் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனார். புதன்கிழமை ஒரு தவறு நடந்துவிட்டது. பண்ணைக்காடு ஊரிலிருந்து பேசிய ஒரு தகப்பனாருக்கு, வேன் நேரத்தைப் பக்கத்து வரியிலிருந்து எடுத்துச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் ஒரு மணி நேரம் பஸ் நிலையத்தில் காத்துக் கிடந்திருக்கிறார். மேலாளர் ஆபரேட்டரை உள்ளே அழைத்தார். "பதினாறு வருஷ சர்வீசு! ஒரு டைமை ஒழுங்காப் பார்த்துச் சொல்லத் தெரியாதா? இன்னொரு தடவை இப்படி நடந்தா நல்லா இருக்காது!" என்று அவர் கத்தியது வாசல் வரைக்கும் கேட்டது. அலுவலகமே தலையைக் குனிந்துகொண்டது. நான் சண்டைக்குத் தயாராக எழுந்தேன்.

கதவு திறந்தது. ஆபரேட்டர் சுவரைத் தடவிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார், வாயெல்லாம் பல்லாக.

"கேட்டீங்களாக்கா? என்னையத் திட்டிட்டாரு!"