சுண்ணாம்புத் தொட்டி ஓரத்துல பதினெட்டு ஓட்டு

இன்னிக்கு காலையில ஆம்பூர்ல தோல் பதனிடற டேனரியில, சுண்ணாம்புத் தொட்டி ஓரமா என் மானம் போச்சு!

(வெள்ளைக்காரனே இன்னும் ஊர விட்டுப் போகல, அதுக்குள்ள ஃபேஸ்புக்கான்னு கேக்காதீங்க. சொல்லாம இருக்க முடியல!)

ஊர் நிர்வாக போர்டு எலக்‌ஷன்ல எங்க கட்சி ரெண்டு தடவ தோத்தாச்சு.

இந்த தடவையும் தோத்தா கட்சி மேலிடம் ஆம்பூர் கிளைய இழுத்து மூடிடுமாம். கிளைச் செயலாளர் அடியேன்!

அதனால பழைய தலைவர் வக்கீல் ஐயாவ வீட்டுக்கு அனுப்பிட்டு, தோல் பதனிட ஆவாரம்பட்டை விக்கிற கரீம் பாய தலைவராக்கினோம். (ஐயா என்கூட பேசறதில்ல. நிம்மதி!)

டேனரி தெருவுல வரி கட்டி ஓட்டு வச்சிருக்கறது பதினெட்டு பேரு. பதினெட்டும் மேஸ்திரி சின்னப்பன் சொன்னா சொன்ன பெட்டியில விழும்.

அவரு தொழிலாளர் சங்கத்து ஆளு. எங்களக் கண்டாலே ஆகாது.

காலையில பாயோட அவருகிட்ட போயி, நான் ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ண பிரசங்கத்த எடுத்து விட்டேன்.

"இன்னா சொல்ற? ஒண்ணும் வெளங்கல"ன்னாரு மேஸ்திரி.

தொண்டை கிழிய கத்தினேன். அப்பவும் வெளங்கலையாம்!

"உங்க கட்சி மொதலாளி கட்சி. எடத்த காலி பண்ணு."

முடிஞ்சுது நம்ம கிளைன்னு நெனச்சேன்.

பாய் சட்டைக் கைய மடிச்சாரு. தொட்டியில கைய விட்டு ஒரு ஆட்டுத்தோல இழுத்தாரு. கட்டவிரலால முடிய ஒரு தள்ளு!

"சின்னப்பா, முடி இன்னும் விடல. ரெண்டு நாள் ஊறணும்."

"ஒரு நாள் போதும் பாய். சுண்ணாம்பு ஜாஸ்தி போட்டிருக்கேன்."

"அரே, ஜாஸ்தி போட்டா தோலு கெட்டுடும்பா!"

"நீ எனக்கு சொல்றியா?"

அரை மணி நேரம் இதே சண்டை! ஓட்டப் பத்தி மூச்சே இல்ல. எனக்கு ஒரே பேஜார்!

கடைசியில பாய் கை கழுவ தண்ணி கேட்டாரு.

மேஸ்திரி சிரிச்சாரு. "தண்ணியா? பாலாத்துக்குதான் போவணும். நாங்க தெனம் இந்தக் கையோடதான் வீட்டுக்குப் போறோம்."

பாய் மொகம் மாறிடுச்சு. "நீ கட்சி மாற வேணாம். சங்கத்துலயே இரு, கூலி விஷயத்துல என்னையும் எதுத்து நில்லு. இந்தத் தெருவுக்கு ஒரு தண்ணிக் கொழா, அதுக்கு மட்டும் எங்கூட வா."

சின்னப்பன் அந்த சுண்ணாம்புக் கைய அப்படியே புடிச்சிக்கினாரு.

"பதினெட்டும் உனக்குத்தான் பாய்."

எனக்கு கண்ணு கலங்கிடுச்சு! கிளை பொழச்சுதுங்க!

"ஆனா ஒரு கண்டிசன்"னு என் பக்கம் திரும்பினாரு. "வக்கீலும் இதே மாதிரிதான் வந்தாரு, ரெண்டு தடவையும். மொதல்ல இந்த ஆள மூக்குலேர்ந்து கைக்குட்டைய எடுக்கச் சொல்லு!"

நாத்தம் தாங்காம, உள்ள நொழைஞ்சதுலேர்ந்து, பிரசங்கம் பண்ணும்போது கூட நான் எடுக்கவே இல்லீங்க!

தலைவர மாத்தினது போதுமா, செயலாளரையும் மாத்தணுமான்னு பாய் இப்ப யோசிக்கிறாராம்.

நீங்களே சொல்லுங்க மக்களே, உங்க ஓட்டு யாருக்கு?