நார்த்தாமலைக்குப் போட்ட திட்டம்

பத்து வயது வரை நான் ஒரு பாறையைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் ஊர் தஞ்சாவூருக்குக் கிழக்கே, எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல். கல் என்று இருந்தவை அம்மியும் ஆட்டுக்கல்லும் படித்துறையில் துவைக்கிற கல்லும்தான். மூன்றும் லாரியில் வந்தவை. ஊரிலேயே உயரமான இடம் மாதா கோயில் கோபுரம், அதற்கடுத்து எங்கள் வைக்கோல் போர். அதில் ஏறி நான் வாங்கிய அடிக்குக் கணக்கில்லை.

அந்த வருஷம் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த சித்தப்பா, அங்கே பாறைகளில் தொற்றிக்கொண்டு நிற்கும் தன் படங்களைப் போனில் காட்டினார். அவ்வளவுதான், எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஈஸ்டர் முடிந்து, உளுந்தும் பிடுங்கியாகிவிட்ட சமயம். வழக்கமாக வேளாங்கண்ணிக்குத்தான் போவோம். "இந்தத் தடவை பாறைக்குப் போவோம். உன்னை நான் ஏத்திவிடுறேன்" என்று சித்தப்பா சொன்னதும், கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் திட்டம் போட்டேன். திருமயம், சித்தன்னவாசல், நார்த்தாமலை. ஒவ்வொன்றிலும் ஏற இவ்வளவு நேரம், இறங்க இவ்வளவு நேரம், சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷம்.

அப்பா நோட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "எல்லாத்துலயும் உச்சி வரைக்கும் ஏறணுமா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவதுகூட அம்மாதான், ஸ்டூலில் ஏறி. அப்பா கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டிய வேன் எட்டரைக்குக் கிளம்பியது. அம்மாவுக்குப் புளிச்சாதம் கிளறி முடியவில்லை. வழியில் ஒரு மாதா கோயிலைப் பார்த்ததும் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்றார். ஒரு பலாப்பழத்துக்கு அரைமணி நேரம் பேரம் பேசி, படிந்த பிறகு வேண்டாம் என்றார். கந்தர்வகோட்டையில் தன் ஒன்றுவிட்ட அக்காவை எட்டிப் பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பெரியம்மா கோழி அடிக்காமல் அனுப்புவாரா? கோழி வேகும்போது நோட்டில் திருமயத்தை அடித்தேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் சித்தன்னவாசலும் போனது. அம்மாவோடு இனிப் பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

நார்த்தாமலை சேர்ந்தபோது மணி இரண்டு. சித்திரை வெயில். எதிரே ஒரே பாறை, ஒரு புல்கூட இல்லாமல் வானம் வரைக்கும் சாய்ந்து கிடந்தது.

சித்தப்பா ஷூவின் நாடாவை இறுக்கினார். அப்பா குறுக்கே வந்தார். "ஷூ வழுக்கும் தம்பி, கழட்டிட்டு ஏறு. வெறுங்காலுக்கு உள்ள பிடி எதுக்கும் கெடையாது."

நாற்றுமுடியைச் சுமந்துகொண்டு சேற்று வரப்பில் நாள் முழுக்க நடந்தாலும் வழுக்காத கால் அவருடையது. எங்கள் ஊர் மண்ணுக்கு அது நூற்றுக்கு நூறு சரி. சித்தப்பாவும் அதே மண்ணில் வளர்ந்தவர்தானே, மறுபேச்சில்லாமல் கழற்றினார். முதலில் வழி பார்த்து வருகிறேன் என்று வீராப்பாக இருபது அடி ஓடினார். அப்புறம்தான் சூடு உறைத்தது. திரும்பி வரவும் அதே இருபது அடி! "அய்யோ அண்ணே, அய்யோ அண்ணே" என்று அவர் ஆடிக்கொண்டே இறங்கியதைப் பார்த்து நாங்கள் சிரித்துவிட்டோம். உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது. பெரியம்மா தூக்கில் கொடுத்தனுப்பிய மோர் முழுக்க அவர் காலுக்கே போனது.

"சரி, கெளம்புவோமா?" என்றார் அம்மா, கொஞ்சம் அதிகமான உற்சாகத்தோடு. ஏற்றிவிட ஆளில்லை, தனியாக விடவும் மாட்டார்கள். நோட்டை வீசிவிட்டுப் பாறையடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வெயில் தாழும் வரைக்கும் விட்டுவிட்டு அழுதேன்.

அப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏங்க, வேணாங்க" என்றார் அம்மா.

"நீ முன்னால ஏறும்மா. நான் பின்னாலயே வர்றேன்" என்றார் அப்பா, என்னிடம்.

நான் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறினேன். அப்பா நாலு காலில் வந்தார். உச்சியில் நின்று பார்த்தால் கீழே எங்கள் வேன் தீப்பெட்டி அளவு இருந்தது. வாழ்நாளில் அவ்வளவு உயரத்தில் நான் நின்றதில்லை, கத்தினேன், குதித்தேன். அப்பா சப்பணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்தேன். ஆனால் என் மணிக்கட்டை விடவே இல்லை.

"விடுங்கப்பா, நான் விழமாட்டேன்."

"நீ விழமாட்டன்னு தெரியும்மா" என்றார், விடாமல்.

இறங்கும்போது உட்கார்ந்தபடியே சறுக்கி வந்தார். ஈஸ்டருக்கு எடுத்த வேட்டி பின்னால் கிழிந்துபோனது. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் தெருவையே சிரிக்க வைத்தேன், அப்பாவும் கூடவே சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கீழே வந்ததும் மிச்சமிருந்த தண்ணீரை எனக்குத் தராமல் அவருக்குத்தான் முதலில் கொடுத்தார். அதற்கும் கோபித்துக்கொண்டேன்.

இப்போது சென்னையில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறேன். போன மாதம் இருவரும் முதல் தடவையாக வந்தார்கள். வந்ததும் வராததுமாக அம்மா பால்கனிக் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டார். அப்பா குளிக்கப் போன நேரத்தில் மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு அந்தக் கோழிய அடிக்கச் சொன்னதே நான்தான்டி. எப்படியாச்சும் நேரம் போகட்டும்னு."

அன்றைக்கு என் மணிக்கட்டில் பதிந்த விரல் தடம் மறுநாளும் சிவப்பாக இருந்தது. விழாமல் இருக்க எங்க அப்பா பிடித்துக்கொண்டார் என்று தெருப் பிள்ளைகள் எல்லோரிடமும் பெருமையாகக் காட்டினேன். நான் சொன்னது சரிதான். யார் விழாமல் இருக்க என்பதுதான் எனக்கு அப்போது தெரியவில்லை.