ரன்னிங் பேக்கும் என் இடது முழங்காலும்

நாற்பத்து மூன்று வயதில், நாலு புத்தகம் படித்தவன் என்று பெயரெடுத்த ஒருவன், அபுதாபியைச் சேர்ந்த ருவைஸில், தொழிலாளர் கேம்ப் மைதானத்தில் ஊரே பார்க்கப் பின்பக்கமாக ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டான். அவன் நான்தான். முழங்கால் போய்ப் படுத்திருப்பவர்கள் இதைப் படித்து, தங்கள் காரணம் இவ்வளவு மோசமில்லை என்று தேறலாம்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எங்கள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் மார்வின் என்றொரு அமெரிக்கப் பாதுகாப்பு அதிகாரி இருந்தார். இளமையில் அவர்கள் ஊர் ஃபுட்பாலில், அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்தில், ‘ரன்னிங் பேக்’காக இருந்தாராம். பின்னோக்கி ஓடுகிறவர் என்று அறைத்தோழன் முத்தையாவுக்கு மொழிபெயர்த்தேன்.

“பின்னாடியே ஓடுனா எப்பண்ணே கோல் போடுவாரு?” என்றான் அவன். பாமரக் கேள்வி என்று விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மார்வின் கூட்டத்தின் ஆட்டத்துக்கு ஆள் குறைய, என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பந்து என் கைக்கு வந்ததும், மார்வினுக்கு மரியாதையாகப் பின்பக்கமாகவே ஓடினேன். ஆறாவது அடியில் இடது முழங்காலுக்குள் ‘டப்’ என்றது.

மெனிஸ்கஸ் (மூட்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்துவிட்டது என்றார்கள். அபுதாபியில் அறுவை செய்து, கிழிந்த துண்டை எடுத்தார்கள். என் வேலையோ கோபுரங்களில் ஏறி அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது.

“மூன்று மாதம். ஏணி ஏறினால் டியூட்டி. இல்லையென்றால் கலாஸ், எல்லாம் முடிந்தது, ஊருக்கு,” என்றார் எகிப்திய டாக்டர்.

மார்வின் பார்க்க வந்தார். பின்வரிசையில் நின்று பந்தை வாங்கி, முன்னால் ஓடுபவருக்குத்தான் அந்தப் பெயர் என்று விளக்கினார். சிரிக்கவில்லை. கால்சட்டையைத் தூக்கித் தன் முழங்காலைக் காட்டினார். ரயில் தண்டவாளம்போல் இரண்டு தழும்புகள்.

கல்லூரியில் நான்கு வருடம் ஓடினாராம். படிப்பு முடிந்ததும் தொழில்முறை அணிகள் மாணவர்களைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கும். அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு தானே ஒரு அணியின் பயிற்சி முகாமுக்குப் போனார். அங்கே தினமும் காலையில் ஒருவர் வந்து, நீக்கப்பட்டவனின் கதவை மட்டும் தட்டுவாராம். முதல் வருடம் அவர் கதவைத் தட்டினார்கள். இரண்டாம் வருடமும். மூன்றாம் வருடம் கடைசிக் காலையில் செருப்புச் சத்தம் அவர் கதவைக் கடந்து போயிற்று.

“எத்தனை ஆட்டம் ஆடினீர்கள்?”

“ஒன்பது. ஒன்பதாவதில் இது,” என்று முழங்காலைத் தட்டினார்.

பந்தோடு ஓடிய நேரத்தையெல்லாம் கூட்டினால் ஐந்து நிமிடம் வராது என்றார். இரண்டு மலைபோன்ற ஆட்களுக்கு நடுவே இமைக்கும் நேரம்தான் வழி திறக்குமாம். ஆனால் உள்ளே நுழைந்துவிட்டால், எதிராளியின் அவிழ்ந்த ஷூ கயிற்றைக்கூட நிதானமாகப் பார்க்கலாமாம். அவர் வருத்தப்பட்டதாகவே தெரியவில்லை. நான் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நர்ஸ் அதில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டுப் போனார்.

பிறகு பிசியோதெரபி (உடற்பயிற்சியால் தசையை மீட்கும் சிகிச்சை). செய்தவர் யாழ்ப்பாணத்துத் தவராசா. அறையின் அடுக்குக்கட்டிலில் முத்தையா எனக்காக விட்டுக்கொடுத்த கீழ்க்கட்டிலில் படுத்தே கிடந்ததில் தொடைத்தசை வற்றியிருந்தது. கணுக்காலில் மணல்பையைக் கட்டி, பத்து எண்ணும்வரை தூக்கிப் பிடிக்கச் சொல்வார்.

“காலைத் தூக்குங்கோ அண்ணை.”

“தூக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“அது புருவம் அண்ணை. நான் காலையெல்லோ கேட்டனான்.”

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு வாழ்நாள் இருக்கிறது. படுத்திருப்பவர்களுக்கு இது தெரியும்.

மூன்றாம் மாத முடிவில், டாக்டர் கீழே நிற்க, ஆலைக் கோபுரத்தின் ஏணியில் ஏறினேன். பாதியில் முழங்கால் தயங்கியது. கண நேரம்தான். ஆனால் அதற்குள் கைப்பிடியின் துருவை, போல்ட் தலையில் இருந்த எழுத்தை, தூரத்துக் கடலின் நிறத்தை ஒவ்வொன்றாகப் பார்க்க நேரமிருந்தது. நாற்பத்து மூன்று வருடம் என்னைச் சுமந்த காலை அன்றுதான் முதல்முறை சந்தித்ததுபோல் இருந்தது. அது யோசித்துவிட்டு, மேலே போகலாம் என்றது. போனேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

அறைக்கு வந்து இதையெல்லாம் முத்தையாவிடம் விவரித்தேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டான்.

“அப்ப ஏணி ஏறலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. ரொம்ப சந்தோசம்ணே. இன்னைலேர்ந்து கீழ்க்கட்டில் எனக்கு.”