கேன் தீரும்வரை லீவு

குவைத்தில் ஊருக்கு வெளியே ஒரு பால் பண்ணை. பால் சேரும் ரூமில் எனக்கு டூட்டி. வருகிற பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு நம்பர் சொல்ல வேண்டும். கண்ணாடிக் குழல், அடியில் ஈயக் குண்டு, மேலே கோடுகள். பால் கெட்டியாக இருந்தால் உயர்ந்து நிற்கும். தண்ணீர் கலந்திருந்தால் முங்கும்.

அந்த நாட்டில் மது கிடையாது. மாட்டினால் ஜெயில், பிறகு பிளைட் ஏற்றிவிடுவார்கள். என்றாலும் நானும் என் ரூம்காரனும் ஆப்பிள் ஜூஸில் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைப் போட்டு, பால் கேனில் ஊற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். ரூம்காரன் மன்னார்குடிப் பக்கம். நுரை அடங்கியதும் லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்தேன். முங்கியது.

"தண்ணி கலந்துட்டான்ணே ஜூஸ் கம்பெனிக்காரன்" என்றான் அவன். "இங்கயும் நம்ம ஊரு பால் சொசைட்டி மாதிரிதான் போல."

எனக்கும் அப்படித்தான் பட்டது. சர்க்கரையை அள்ளிக் கொட்டினோம். மறுபடி பொங்கியது. மறுபடி முங்கியது. குடித்துவிட்டு மறுநாள் இருவரும் டூட்டிக்கு எழுந்திருக்கவில்லை.

பிறகுதான் பிடிபட்டது. இதில் முங்கினால் தண்ணீர் இல்லை. இனிப்பு செத்துப் போதையாகியிருக்கிறது. போடும்போது ஒரு நம்பர், அடங்கியதும் ஒரு நம்பர். எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு வேகம். ஜூஸ் பாலைவிடக் கெட்டி, குழல் கோட்டுக்கு மேலேயே நிற்கும். கொஞ்சம் எடுத்துச் சரிபாதி தண்ணீர் விட்டுப் பார்த்து, வந்த நம்பரை இரட்டித்துக்கொண்டேன். வேகம் கூட வேண்டுமென்றால் முதலிலேயே சர்க்கரை. அதிகமாகிவிட்டால் கடைசியில் தண்ணீர். அவ்வளவுதான் வித்தை.

நாங்கள் டூட்டிக்கு எழுந்திருக்காத அன்றே போர்மேன் ரூமுக்கு வந்துவிட்டார். நாகர்கோவில்காரர். கட்டிலுக்கு அடியில் குனிந்து கேனைத் திறந்து மோந்தார். ரூம்காரன் சுவரைப் பார்த்து நின்றான். போர்மேன் ஒரு மடக்கு குடித்தார். உட்கார்ந்தார்.

"எனக்கும் போடுடே."

அன்றிலிருந்து அவருக்குப் போட்டேன். சாயங்காலம் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு கபீல் வீட்டுக்கு அவர் போயாக வேண்டும். கபீல்தான் பண்ணை முதலாளி, எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் அவரிடம். கால் தடுமாறக் கூடாது, போதை ஏறாமலும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இருந்தது. அதுதான் எனக்கு வினையானது.

நான் வந்த பிறகு பிறந்தவன் என் பையன். நடக்கிறான், பேசுகிறான் என்று போனில் சொன்னார்கள். லீவு கேட்டேன். போர்மேன் எழுதிக் கொடுத்தால்தான் கபீல் பாஸ்போர்ட்டைத் தருவார்.

"போவலாம் மக்கா, என்ன அவசரம்?" என்றார். "நீ போயிட்டா எனக்கு யாருடே போட்டுத் தருவா? உன் கை மாதிரி வருமா?"

ரூம்காரனுக்குச் சொல்லித் தருகிறேன் என்றேன். அவன் இருட்டிய முகத்தோடு, "எனக்கு நம்பரே தெரியாதுண்ணே" என்றான். பாலில் நம்பர் பார்க்கிறவன்தான். நான் வற்புறுத்தவில்லை. அவனுக்கும் ஊரில் ஆள் உண்டு.

மறு வருஷமும் கேட்டேன். அதே பதில். அதற்கடுத்த வருஷம் கேட்டபோது போர்மேன் கொஞ்சம் யோசித்தார்.

"ஒண்ணு செய்யி. போட்டு வச்சிட்டுப் போ. கேன் தீரும்வரை உனக்கு லீவு. தீந்தா நீ வந்திரணும்."

எனக்கு அவர் கொடுத்தது நான்கு சின்ன கேன். அதற்கு மேல் ஒளித்து வைக்க இடமில்லை. வழக்கமான வேகத்தில் போட்டால் ஒரு மாதம்தான் வரும். வெயில் நாளில் அதற்குள் புளித்தும் போகும். வேகமாகப் போட்டால் கெடாது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து குடித்தால் இரண்டு மாதம். சர்க்கரையில் இருந்தது என் லீவு.

வழக்கமாக ஐம்பது இறங்கும். நூறு இறங்க வேண்டும் என்று கணக்குப் பண்ணிச் சர்க்கரை போட்டேன். ஒரேயடியாகப் போடவில்லை, நுரை அடங்க அடங்கக் கொஞ்சம் கொஞ்சமாக. கடைசியில் குழல் முங்காமல் நின்றுவிட்டது. ஈஸ்ட் செத்துவிட்டது. அதற்கு மேல் அதால் முடியாது. கொஞ்சம் இனிப்பு தங்கிவிட்டது. நூறுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. போதும் என்று மூடி வைத்தேன்.

போர்மேனிடம் சொன்னேன். "அண்ணாச்சி, இது டபுள். ஒரு கிளாஸுக்கு ஒரு கிளாஸ் தண்ணி விடணும். அப்படியே குடிச்சா கபீல் வாசல்ல விழுந்துருவீங்க."

"எனக்குச் சொல்லித் தாறியாடே?" என்று சிரித்தார். கையெழுத்துப் போட்டார்.

ஊருக்கு வந்தேன். பையன் என்னைப் பார்த்து அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். பிஸ்கட் கொடுத்தால் வாங்கிக்கொண்டு ஓடுவான். பிறகு வாங்கிக்கொண்டு நின்றான். ஒரு நாள் சைக்கிளில் ஏற்றினேன், ஏறினான். மணியை மட்டும் அடித்துக்கொண்டே வந்தான்.

மாதம் முடியவில்லை. மனைவி செல்லைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"தீந்து போச்சுடே" என்றது போர்மேன் குரல்.

"தண்ணி கலந்தீங்களா அண்ணாச்சி?"

"கலக்கத்தான் நெனச்சேன். இனிப்பா இருந்துது பாத்துக்க. அதுல போயி எதுக்குத் தண்ணி. கபீலு எதும் சொல்லல்ல, எனக்குக் காய்ச்சல்னு நெனச்சிட்டாரு. நீ எப்ப கிளம்புத?"

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பையன் சைக்கிள் பக்கத்தில் நின்று மணியை அடித்தான்.

"டிக்கெட் மாத்திட்டுச் சொல்றேன்" என்றேன்.