எந்தப் பட்டி

அந்தப் பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கக் கூடாது. இதை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் அடுத்த வரி ‘ஆனால்’ என்றுதான் தொடங்குகிறது. ஆனால் எனக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. தேக்காவில் ஒரு நகைக்கடையின் மாடியில் இருந்த, நான் தொண்டூழியம் செய்யும் சங்க அலுவலகத்துக்குத் தினமும் போய்வர முடியவில்லை. ஆனால் செயலாளரேதான், “வீட்டுலயே வச்சு ஸ்கேன் பண்ணும்மா. வேலை முடிஞ்சதும் டப்பாவுக்குள்ள வச்சு மூடிடணும், அவ்வளவுதான்” என்று சொல்லி ஏட்டைக் கொடுத்தனுப்பினார்.

கடல் தாண்டி வந்து தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர்கள் தங்களுக்குள் நடத்திய ஈமச்சடங்கு உதவிச் சங்கத்தின் பதிவேடு அது. இறந்தவர் ஒவ்வொருவருக்கும் நீல மையில் ஒரு வரி. பெயர், தகப்பன் பெயர், ஊர், அடக்கம் செய்த இடம். அந்த இடுகாடுகள் இன்று இல்லை. அதில் இருந்த பலருக்கு இந்த ஒரு வரியைத் தவிர உலகத்தில் வேறு தடயம் கிடையாது. வெள்ளம், தீ, குழாய் உடைப்பு வந்தால் இப்படிப்பட்டவற்றை எப்படிக் காப்பாற்றுவது என்று தொண்டூழியர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். நனைந்த தாளைத் துடைக்காதே. ஒட்டிய பக்கத்தைப் பிரிக்காதே. உடனே உறைய வை. இன்னும் அந்த நோட்டு இருக்கிறது. கையெழுத்து அழகாகவே இருக்கிறது.

சரஸ்வதி பூசைக்கு ஒரு வாரம் முன்பு ஜூரோங்கிலிருந்து ஒரு பெண், சங்கத்தில் என் எண்ணை வாங்கி, தொலைபேசியில் அழைத்தார். ஐம்பது வயதிருக்கும். அவருடைய அம்மா மருத்துவமனையில் கடைசி நாட்களில் இருந்தார்.

“அம்மா வயித்துல இருக்கும்போதே அவங்கப்பா துறைமுகத்துல செத்துட்டாராம். ஆயாவும் சீக்கிரமே போயிட்டாங்க. எந்த ஊர்க்காரங்கன்னு சொல்ல ஆளில்ல. கல்யாணமாகி வந்த எடத்துல எங்கம்மாவ ‘ஊர் பேர் தெரியாதவ’ன்னுதான் கூப்புடுவாங்க. சண்டை வந்தா இல்ல, சும்மாவே. குழம்புல உப்பு கூடுனாலும் ஊர் பேர் தெரியாதவ. இப்ப நெனவு தப்பித் தப்பி வருது. முழிச்சா அதையேதான் கேக்குறாங்க, எங்கப்பா எந்த ஊருன்னு.”

இறந்தவரின் பெயரும் தகப்பன் பெயரும் அவரிடம் இருந்தன. பூசைக்கு முந்தின நாள் அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டேன். உடனே அவரை அழைத்தேன்.

“கெடைச்சிருச்சுக்கா. ஊர் பேரு போட்டிருக்கு.”

“சொல்லாதீங்க!” என்றார். அழுதார். “நேர்ல வந்து நானே பாக்குறேன். அந்த எழுத்த என் கண்ணால பாத்துட்டுப் போயி அம்மாகிட்ட சொல்றேன். நாளைக்கு வேலை. நாளான்னைக்குக் காலையில பத்து மணிக்கு வரட்டா?”

வரச் சொன்னேன். அடையாளத்துக்கு ஒரு துண்டுத்தாளை அந்தப் பக்கத்தில் வைத்தேன். கைப்பேசி பக்கத்திலேயே இருந்தது. படம் எடுத்திருக்கலாம். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகத்தான் எடுக்க வேண்டும் என்பது விதி, அதை மீறவில்லை. விதியைக் காப்பாற்றிவிட்டேன்.

மறுநாள் காலை தேக்காவில் பொரி, கடலை, பூ வாங்கிவந்து, மதியம் புக்கிட் மேரா வீட்டின் கூடத்தில் பலகை போட்டுப் பூசை வைத்தேன். பாலர்பள்ளியில் படிக்கும் மூத்தவளின் புத்தகங்களை அடுக்கினேன். அப்போதுதான் தோன்றியது. இத்தனை பேருடைய பெயர் இருக்கும் ஏட்டை டப்பாவுக்குள் பூட்டிவிட்டு இரண்டு பயிற்சி நோட்டுக்கா பூசை செய்வது? எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். அட்டையில் மஞ்சளும் குங்குமமும் வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். துண்டுத்தாள் வைத்த பக்கத்தைத் திறந்து, அந்த வரி தொடங்கும் ஓரத்தில் விரல்நுனியால் ஒரு பொட்டு குங்குமம் இட்டு மூடினேன். அந்த அம்மாவுக்காக வேண்டிக்கொண்டுதான் செய்தேன்.

பூசையில் வைத்த புத்தகத்தை மறுநாள்வரை தொடக்கூடாது. அதனால் பதிவேடு டப்பாவுக்குத் திரும்பவில்லை.

மாடி வீட்டில் ஒரு வாரமாகக் குளியலறையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூத்தவளை அழைத்துவரப் போனேன். நாற்பது நிமிடம். கதவைத் திறந்தபோது கூடத்து விளக்கைச் சுற்றித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நேராகப் பலகையின் மேல். பொரி மிதந்தது.

பாய்ந்தேன். பின்னால் மகள் கத்தினாள்.

“அம்மா, தொடக்கூடாது! நாளைக்குத்தான் எடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க!”

என் கை நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். சத்தியமாக நின்றது.

பிறகு எடுத்தேன். ஈரத்தில் இரண்டு மடங்கு கனத்தது. பக்கங்களின் விளிம்பில் சிவப்பு வடிந்தது. பிரிக்கக்கூடாது என்று தெரிந்தும், துண்டுத்தாள் இருந்த இடத்தை நகத்தால் மெல்ல விலக்கினேன். நீலம் பெரும்பாலும் கரைந்திருந்தது. அதன்மேல் குங்குமம் வரி நெடுகப் பரவி ஓடியிருந்தது. ஊர்ப்பெயரின் கடைசியில் ‘பட்டி’ தெரிந்தது. அதற்கு முன்னால் என்ன என்று இன்னும் கொஞ்சம் விலக்கினேன். தாள் கிழியும் சத்தம் கேட்டது. விட்டுவிட்டேன்.

உறைபெட்டியைத் திறந்தால் இடமில்லை. அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புவதற்காக நான் சேர்த்துவைத்த தாய்ப்பால் பைகள் தேதி வாரியாக அடுக்கியிருந்தன. ஒரு கையில் ஏடு, இன்னொரு கையில் கத்தும் குழந்தை. எதிர்வீட்டு அக்கா, நாகூர் பூர்வீகம், திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்தார்.

“மேல குழாய ஒடச்சிட்டானுவ. நல்லா திட்டிட்டு வர்றேன்.” என் கையைப் பார்த்தார். “என்ன அது? ஃப்ரீசருக்கா? எங்க வீட்டுல எடம் இருக்கு, கொண்டா.”

“பூசையில வச்சதுக்கா.”

“அதனால?”

“உங்க ஃப்ரீசர்ல…”

“ரெண்டு கிலோ மாட்டெறச்சி இருக்கு. அது எடுத்துப் படிக்காது லா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏட்டை நீட்டவும் முடியவில்லை. நனைந்து, கரைந்து, கிழிந்துபோன பிறகும் அதன் புனிதத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றேன். தரையில் சிவப்புத் துளிகள் சொட்டின. அக்கா பெருமூச்சு விட்டார்.

“சரி, அப்ப பால எடுத்துக் கொடு. பாலுக்கு ஒண்ணும் தீட்டில்லையே?”

பால் அவர் வீட்டுக்குப் போனது. பதிவேட்டை நெகிழிப்பையில் சுற்றி எங்கள் உறைபெட்டியில் வைத்தேன். ஜூரோங் கப்பல் பட்டறையில் இருந்த கணவரை அழைத்தேன்.

“ஃபோட்டோ இருக்குல்ல?” என்றார்.

“இல்ல.”

“ஒண்ணுகூடவா?”

“அந்தப் பக்கம் வரைக்கும் வரல.”

“செயலாளருக்கு நீயே சொல்லிடு. நான் சீக்கிரம் வர்றேன்.”

செயலாளருக்குச் சொன்னேன். ஜூரோங் பெண்ணுக்குச் சொல்ல மூன்று முறை எண்ணை அழுத்தி மூன்று முறையும் நிறுத்திவிட்டேன்.

அவர் பத்து மணிக்கு முன்பே வந்துவிட்டார். ஏட்டுக்கு வைக்க மல்லிகைச் சரம் கொண்டுவந்திருந்தார். வாசலில் வைத்தே எல்லாவற்றையும் சொன்னேன், குங்குமம் உட்பட. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “நீங்க படிச்சீங்கல்ல? அது போதும், வாயால சொல்லுங்க” என்றார்.

படித்தேன். ஒருமுறை, வேகமாக, பெயர் சரிதானா என்ற கவலையில். ஊர் எனக்குத் தெரிந்த ஊராக இல்லை.

“பட்டின்னு முடியுதுக்கா. முன்னாடி… ஞாபகம் வரல.”

அவர் கைப்பேசியை எடுத்து மருத்துவமனையில் இருந்த தம்பியை அழைத்து, அம்மாவின் காதில் வைக்கச் சொன்னார். ஒலிபெருக்கியைப் போட்டு என் பக்கம் நீட்டினார். “நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வரல.”

“அம்மா,” என்றேன். “உங்கப்பா ஊரு… பட்டிம்மா. பட்டின்னு முடியும்.”

மூச்சு வாங்கும் சத்தம். பிறகு மெலிந்த குரல், மிகத் தெளிவாக.

“எந்தப் பட்டி?”

பத்துப் பெயர்கள் நாக்கு நுனிக்கு வந்தன. எதைச் சொல்லியிருந்தாலும் அவர் வாங்கிக்கொண்டிருப்பார். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. எதிரே நின்ற ஜூரோங் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடு என்றாரா, சொல்லிவிடாதே என்றாரா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

“தெரியலம்மா. தேடுறேன்மா.”

“ம்,” என்றது குரல். “தேடு.”

நான்காம் நாள் இறந்துவிட்டார். மண்டாயில் தகனத்துக்குப் போனேன், கடைசி வரிசையில் நின்றேன்.

பதிவேடு இப்போது நிபுணர்களின் குளிரறையில் இருக்கிறது. வரிசைப்படிதான் எடுப்பார்களாம். சிவப்புக்கு அடியில் எழுத்து மிஞ்சியிருக்கலாம், மிஞ்சாமலும் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் பட்டி என்று முடியும் ஊர்களின் பட்டியல் ஒன்று எழுதிவருகிறேன், மாவட்டம் மாவட்டமாக. குழந்தை தூங்கும்போது ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன், அன்று படித்தது எதுவென்று நாக்குக்காவது தெரியாதா என்று. சொல்லும்போது எல்லாமே அதுதான் என்று படுகிறது. அடுத்ததைச் சொல்லும்போது அதுவும்.